பேட்டரி இல்லாத சோலார் தடுப்பூசி ஃப்ரிட்ஜ்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

2019 மார்ச்சில் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரைப் புரட்டிப்போட்டது. கூடவே காலரா பரவியது. மூன்று வாரத்துக்குள் சுமார் 9 லட்சம் டோஸ் வாய்வழி காலரா தடுப்பு மருந்து அங்கே வந்து இறங்கியது. 2017-ல் மரியா புயலுக்குப் பிறகு புவேர்ட்டோ ரிக்கோவில் எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் ஆனது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பேரிடருக்குப் பிறகு தடுப்பூசி உடனே வேண்டும். கரன்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் குப்பிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருப்பதற்கு இன்று கையில் இருக்கும் கருவிகளில் முக்கியமானது சோலார் டைரக்ட் டிரைவ் ஃப்ரிட்ஜ். சுருக்கமாக எஸ்.டி.டி.

இங்கே ஒரு கம்பெனியின் ஒரு மாடலைப் பற்றி எழுதவில்லை. தடுப்பூசிக் கருவிகளின் செயல்திறன், தரம், பாதுகாப்பைச் சோதித்து உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் பி.க்யூ.எஸ். பட்டியலில் தேர்ச்சி பெற்ற இந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்துவதை மட்டும் எழுதுகிறோம். பெட்டி நல்ல பெட்டி, தயங்காமல் வாங்கலாம். ஆனால் பெட்டியை மட்டும் வாங்கினால் பணம் வீண். பேனல், அதைத் தாங்கும் சட்டம், கேபிள், பொருத்துபவர், இரண்டு ஆண்டு கழித்துக் கூப்பிட்டால் வருபவர் எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பொருள்.

முன்பு இருந்தவை என்ன? மண்ணெண்ணெய், எரிவாயுவில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ்கள். திரி கருகும், சுடரின் அளவு மாறும், வெப்பநிலையைப் பிடித்து நிறுத்தவே முடியாது. வெள்ளத்தில் சாலை துண்டிக்கப்பட்டால் எரிபொருளும் வராது. 1980-களில் சோலார் வந்தது, பேட்டரியோடு. அதில் முதலில் சாவது எப்போதும் பேட்டரிதான். லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரி அறையில் ஓடுகிற காலம், வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் பாதியாகிவிடும். வெயில் கொளுத்தும் ஊருக்கு அனுப்பிய பேட்டரி அங்கேதான் சீக்கிரம் செத்தது. மாற்றுப் பேட்டரிக்குப் பட்ஜெட் இல்லாமல், பேனலும் பெட்டியும் நன்றாக இருந்தும் மூலையில் கிடந்த ஃப்ரிட்ஜ்கள் ஏராளம். எஸ்.டி.டி.யில் அந்தப் பேட்டரியே கிடையாது. பேனலில் பிறக்கும் கரன்ட் நேரே கம்ப்ரசருக்குப் போகிறது. பகலில் கம்ப்ரசர் ஐஸ் கட்டுகிறது. இரவில் அந்த ஐஸ் பெட்டியைக் காக்கிறது. சில மாடல்களில் கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டுக்கோ உள்ளே காற்றைச் சுழற்றும் சிறு ஃபேனுக்கோ துணை பேட்டரி இருக்கும். வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது இருந்தால், பேட்டரி மாற்றும் வேலையும் திரும்ப உங்கள் தலையில்தான்.

ஐஸ் எவ்வளவு தாங்கும் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பெட்டி முழுவதும் புரிந்துவிடும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பெட்டியின் சுவர் வழியாகச் சராசரியாக 30 வாட் வெப்பம் உள்ளே கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 2,592 கிலோஜூல். அப்படியானால் நாளொன்றுக்கு 7.8 கிலோ ஐஸ் உருகும். மூன்று நாள் வெயிலே இல்லாமல் தாங்க 23 கிலோவுக்கு மேல் வேண்டும். சுவர் ஏன் அத்தனை தடிமன், பார்க்கப் பெரிதாக இருக்கும் பெட்டிக்குள் தடுப்பூசி வைக்கும் இடம் ஏன் அவ்வளவு குறுகல் என்பதற்குக் காரணம் இதுதான். விளம்பரத் தாளில் மொத்தக் கொள்ளளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். தடுப்பூசி வைக்கும் நிகரக் கொள்ளளவு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். மாதம் 1,000 டோஸ், குப்பியின் அட்டைப்பெட்டியோடு சேர்த்து டோஸுக்கு 3 கன சென்டிமீட்டர் என்றால் 3 லிட்டர். இப்படித் தடுப்பூசி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டி, அதன் மேல் கையிருப்புக்கு 25 சதவீதம் சேருங்கள். ஒற்றை டோஸ் குப்பிகளும் ரோட்டா வைரஸ் மருந்தும் இடத்தை விழுங்கிவிடும். பத்து டோஸ் குப்பிக்குப் போட்ட கணக்கை அவற்றுக்குப் போடக் கூடாது. பேரிடர் முகாமுக்கென்று திடீரென வந்து இறங்கும் சரக்குக்கும் இடம் வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காமல் வாங்கியவர்கள்தான் பிறகு காற்றுப் போக இடமில்லாமல் குப்பிகளை அடைத்து வைக்கிறார்கள்.

சூரியனே இல்லாமல் பெட்டி தாங்கும் காலத்தை ஆட்டானமி என்கிறார்கள். பி.க்யூ.எஸ். கேட்கும் குறைந்த அளவு 3 நாள், அதாவது 72 மணி நேரம். மூடிய வானத்திலும் பேனல் கொஞ்சம் கரன்ட் தரும். அதனால் மழைக்காலத்தில் நடைமுறையில் இதைவிட அதிகமாகவே தாங்கும். இது ஆறுதலான செய்தி.

கவலை தரும் செய்தி வேறு. அந்த 72 மணி, பெட்டிக்கு விதிக்கப்பட்ட வெப்பநிலையில் சோதித்தது. வெப்ப மண்டலப் பெட்டிக்கு 43 டிகிரி, மிதமான இடத்துப் பெட்டிக்கு 32, அதற்கும் கீழே 27 என்று மூன்று தரம் உண்டு. பெட்டி எந்தத் தரம் என்று சொல்லும் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உள்ளே 5 டிகிரி, அறையில் 43 என்றால் வித்தியாசம் 38. தகரக் கூரையின் கீழ் அறை 48 ஆனால் வித்தியாசம் 43. கசியும் வெப்பம் 13 சதவீதம் கூடிவிட்டது. 72 மணி நேரம் 64 மணியாகச் சுருங்கிவிட்டது. கதை அதோடு முடிவதில்லை. அதே வெயிலில் கம்ப்ரசர் வெப்பத்தை வெளியே தள்ளத் திணறும். அதே வெயிலில் பேனலும் சோர்ந்துபோகும். படிக சிலிக்கான் பேனல் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் சக்தியை இழக்கும். காற்று 40 டிகிரி என்றால் பேனலின் செல் 65 டிகிரி வரை சுடும். 16 சதவீதம் போய்விட்டது. தேவை கூடும் அதே நாளில் வரவு குறைகிறது. வெப்ப அலையின்போது இரவிலும் அறை தணியாததால், ஐஸுக்குக் கிடைக்கும் ஓய்வும் போய்விடுகிறது.

அதனால் 32 டிகிரித் தரம் போதும் என்று இன்றைக்குத் தோன்றும் இடத்துக்கும் 43 டிகிரிப் பெட்டியையே எடுங்கள். பெட்டி பத்து ஆண்டு ஓட வேண்டியது. கடந்த முப்பது ஆண்டுச் சராசரி வெப்பநிலை இனி வரும் பத்து ஆண்டைச் சொல்லாது. அறையைக் குளிர்விக்கும் வழிகள் இதைவிட மலிவு: கூரைக்கு வெள்ளைப் பூச்சு, உள்கூரை, எதிரெதிர்ச் சுவர்களின் மேல்பகுதியில் காற்றுத் துளைகள். பெட்டிக்கும் சுவருக்கும் இடையே தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியை விடுங்கள். பொதுவாக 10 முதல் 15 சென்டிமீட்டர். வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர் பக்கம் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கும் காட்சி எல்லா இடத்திலும் உண்டு. பெட்டி ‘கூலிங் இல்லை’ என்று புகார் வந்தால் டெக்னீஷியனைக் கூப்பிடும் முன் அந்த அட்டைகளை எடுத்துப் பாருங்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். நாளுக்கு 8 மணி நேரமாவது கரன்ட் வருகிறது, தொடர்ந்து 48 மணி நேரத்துக்கு மேல் போவதில்லை என்றால் ஐ.எல்.ஆர். எனப்படும் ஐஸ் சுவர் ஃப்ரிட்ஜே போதும் என்பது நடைமுறையில் உள்ள வழிகாட்டுதல். விலை குறைவு, பொருத்துவது சுலபம், கூரை ஏற வேண்டியதில்லை. 43 டிகிரியில் கரன்ட் இல்லாமல் குறைந்தது 20 மணி நேரம் தாங்கும். நீண்ட நேரம் தாங்கும் மாடல்கள் நான்கு நாளுக்கு மேலும் தாங்கும். இந்த விதியோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அதற்கான படிவத்தை நிரப்பும் விதத்தோடுதான். படிவத்தில் ‘சராசரியாக நாளுக்கு எத்தனை மணி நேரம் கரன்ட்’ என்ற கேள்விக்கு 20 என்று எழுதி ஐ.எல்.ஆர். வாங்கிவிடுகிறார்கள். கேட்க வேண்டியது கடந்த பத்து ஆண்டில் மிக நீண்ட மின்வெட்டு எத்தனை நாள் என்பது. புயலோ வெள்ளமோ வந்த ஒரு வாரத்தில் ஆறு நாள் கரன்ட் இல்லை என்றால், மற்ற 51 வாரமும் ஒழுங்காக வந்தும் அந்தக் கிடங்கில் இருந்தது அத்தனையும் போய்விடும். தடுப்பூசி தேவைப்படுவதும் அதே வாரத்தில்தான். பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது மோசமான வாரத்தை வைத்து. இரண்டும் வாங்க வசதியிருக்கும் பெரிய கிடங்குகளுக்கு நாங்கள் சொல்வது, அன்றாடத்துக்கு ஐ.எல்.ஆர்., அதன் அருகிலேயே துணைக்கு ஒரு எஸ்.டி.டி.

ஐஸ் பக்கத்திலேயே இருப்பதால் வரும் ஆபத்து உறைதல். வெயில் காலத்தைப் பற்றிப் பேசும்போது யாரும் இதை நினைப்பதில்லை. ஆனால் ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட், டி.பி.டி., ஹெச்.பி.வி., நியூமோகாக்கல், ஐ.பி.வி. எனப்படும் ஊசி வழி போலியோ மருந்து எல்லாம் உறைந்தால் கெட்டுவிடும். வெப்பம் பட்டதைக் குப்பியின் மேலிருக்கும் வி.வி.எம். என்ற நிறம் மாறும் குறி காட்டிக்கொடுக்கும், உள்சதுரம் வெளிவட்டத்தைப் போலவோ அதைவிடக் கறுப்பாகவோ ஆனால் தூக்கிப் போட வேண்டும். உறைந்ததை வி.வி.எம். காட்டாது. கண்ணுக்கும் தெரியாது. ஆகவே பட்டியலில் ‘ஏ கிரேடு உறைவுத் தடுப்பு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்துபவர் எதையும் செய்யாவிட்டாலும் உறையாது என்பது அதன் பொருள். பி என்றால் அவர் ஒரு வேலை செய்தாக வேண்டும், உதாரணமாகக் கூடையை விட்டு வெளியே எதையும் வைக்காமல் இருக்க வேண்டும். சி என்றால் ஒன்றுக்கு மேல். பணியாளர் மாறிக்கொண்டே இருக்கும் நிலையத்துக்கு ஏ தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள்.

ஏ கிரேடைச் சாதிக்கும் வழிகளில் ஒன்று அழகானது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி. ஐஸ் மேலே மிதக்கும், அதைத் தொட்டுக் குளிர்ந்த தண்ணீர் 4 டிகிரிக்கு வரும்போது கனத்துக் கீழே இறங்கும். தடுப்பூசி அறையைச் சுற்றி ஒரு தண்ணீர்ச் சட்டை போட்டு, ஐஸை மேலே மட்டும் கட்டினால், அறையைச் சூழ்ந்திருப்பது எப்போதும் 4 டிகிரித் தண்ணீர். தெர்மோஸ்டாட் இல்லை, திருகு இல்லை, யாரும் எதையும் தவறாகத் திருப்ப முடியாது. வேல்ஸ் நாட்டில் பிறந்த ஷூர் சில் தொழில்நுட்பம் இந்த ஒரு இயற்பியலின் மேல் நிற்கிறது. இந்த வகைப் பெட்டியைச் சமதளத்தில் நிறுத்துவது அவசியம். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கண் அளவை நம்பாதீர்கள்.

சந்தேகம் வந்தால் ஷேக் டெஸ்ட். அதே பேட்ச்சின் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கிக்கொள்ளுங்கள். அதையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 30 நிமிடம் பாருங்கள். உறைந்ததில் வெள்ளைப் படிவு விறுவிறுவென அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் தெளிந்தால் அது போச்சு. அலுமினியம் சேர்த்த தடுப்பூசிகளுக்கு மட்டுமே இது செல்லும், ஐ.பி.வி.க்குச் செல்லாது.

இனி கூரைக்கு வருவோம். இந்தப் பொருளின் வெற்றியும் தோல்வியும் கூரையில்தான்.

பேனல் பூமத்திய ரேகையைப் பார்த்து இருக்க வேண்டும். வட பாதியில் தெற்கு நோக்கி, தென் பாதியில் வடக்கு நோக்கி. சாய்வு அந்த இடத்தின் அட்சரேகை அளவு. ஆனால் 10 முதல் 15 டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மழை தூசியைக் கழுவாமல் கீழ் விளிம்பில் சேறாகத் தேக்கிவிடும். காலை 9 முதல் மாலை 3 வரை ஒரு செல் மேலும் நிழல் விழக் கூடாது. செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் கையகல நிழல் ஒரு வரிசையையே முடக்கும். பேட்டரி உள்ள அமைப்பு இந்த இழப்பை மெல்லச் சமாளிக்கும். இங்கே கம்ப்ரசர் அந்த நொடியில் வரும் கரன்ட்டில் ஓடுவதால், நின்று நின்று கிளம்பும். ஒவ்வொரு கிளப்பலுக்கும் கூடுதல் கரன்ட் வேண்டும், அது கிடைக்காமல் மறுபடி நிற்கும். நிழல் பார்க்க வேண்டியது சூரியன் தாழ்ந்து போகும் மாதத்தில், பொருத்துகிற நாளில் மட்டும் அல்ல. பக்கத்தில் நிற்கும் இளமரம் மூன்று ஆண்டில் எவ்வளவு வளரும், அடுத்த கட்டடத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி வருமா என்பதையும் அப்போதே யோசிக்க வேண்டும்.

பேனலுக்கும் கூரைக்கும் இடையே குறைந்தது 10 சென்டிமீட்டர் காற்றோட்டம் விடுங்கள். மேலே சொன்ன 16 சதவீத இழப்பு, காற்று போகாவிட்டால் இன்னும் கூடும். காற்று போனாலும் ஒரு சிக்கல் உண்டு: புயலில் பேனல் ஒரு பாய்மரம். போல்ட்டுகள் தகரத்தில் மட்டும் மாட்டப்பட்டிருந்தால் தகரத்தோடு சேர்ந்து பறக்கும். கூரையின் குறுக்குச் சட்டங்களில், முடிந்தால் சுவரோடு பிணைத்த சட்டங்களில் இறங்க வேண்டும். கூரையே நொய்ந்தது என்றால் தரையில் கான்கிரீட் அடித்தளத்தில் கம்பம் நட்டுப் பொருத்துங்கள். அங்கே வெள்ள மட்டத்தையும் திருட்டையும் பார்க்க வேண்டிவரும். கடலோரமானால் போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்பு போல்ட் போட்டால் உப்புக் காற்றில் இரண்டும் தொடும் இடம் அரித்துப்போகும். வெளியே தெரியாமல் நின்றுவிட்டு, சரியாகப் புயலன்று கழன்றுகொள்ளும்.

கேபிளில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, பேனலிலிருந்து பெட்டிக்கு 20 மீட்டர். போக வர 40 மீட்டர். தடை 0.175 ஓம். வழியிலேயே 1.75 வோல்ட் போய்விடும், 7 சதவீதத்துக்கும் மேல். 10 மீட்டராக்கினால் பாதி. தூரத்தைக் குறைக்க முடியாவிட்டால் 6 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். வெயிலில் காயும் பகுதிக்குப் புற ஊதாக் கதிர் தாங்கும் சோலார் கேபிள்தான். வீட்டு ஒயர் உறை சில ஆண்டில் வெடித்துவிடும். கேபிளை உறைக்குழாயில் விடுங்கள், எலி ஒரு இரவில் வேலையை முடித்துவிடும். எர்த் கம்பியும் இடித்தடுப்பும் விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள்.

பேனலைக் கழுவுவது அதிகாலையில், வெறும் தண்ணீர், மென்மையான துணி. உச்சி வெயிலில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். மாதம் ஒரு முறை என்று அட்டவணை போடுவதைவிட, புழுதிக் காற்று, காட்டுத்தீப் புகை, எரிமலைச் சாம்பல் போன்றவை வந்தால் மறுநாளே என்று வையுங்கள். காட்டுத்தீப் புகை இரட்டை அடி: வானத்தில் ஒளியை மறைக்கும், சாம்பலாகப் பேனலில் படியும். புகை சூழ்ந்த நாட்களை மேகமூட்டமான நாட்களாகவே எண்ணி ஆட்டானமியைக் கணக்கிட வேண்டும்.

உபரி மின்சாரம் என்று ஒன்று இருக்கிறது. நல்ல வெயில் நாளில் ஐஸ் கட்டி முடிந்த பிறகு பேனலின் கரன்ட் வீணாகிறது. 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறக்குறைய 100 கோடிப் பேர் நம்பி வரும் சுகாதார நிலையங்களில் மின்சாரம் இல்லை அல்லது நம்பும்படி இல்லை. அப்படி இருட்டில் பிரசவம் பார்க்கும் இடத்தில் தலைக்கு மேல் மின்சாரம் வீணாவதை யார்தான் பொறுப்பார்கள்? பணியாளர்கள் கேபிளில் கொக்கி போட்டுவிடுகிறார்கள், ஃப்ரிட்ஜ் பட்டினி கிடக்கிறது. அவர்களைத் திட்டிப் பயனில்லை. எனர்ஜி ஹார்வெஸ்ட் கன்ட்ரோல் உள்ள அமைப்பை வாங்குங்கள். முதலில் ஃப்ரிட்ஜ், மிஞ்சியது விளக்குக்கும் செல்போன் சார்ஜுக்கும் என்று அந்தக் கருவி பங்கிட்டுக் கொடுக்கும். எங்களைக் கேட்டால் இதைக் கூடுதல் வசதி என்று சொல்ல மாட்டோம். திருட்டு இணைப்பிலிருந்து தடுப்பூசியைக் காக்கும் பாகம் என்றே சொல்வோம்.

பொருத்திய உடன் தடுப்பூசியை உள்ளே வைக்காதீர்கள். ஐஸ் முழுதாகக் கட்ட நல்ல வெயில் நாட்கள் சில வேண்டும், மாடலைப் பொறுத்து மாறும். காலிப் பெட்டியில் லாகர் வைத்து, இரவும் பகலும் 2-க்கும் 8-க்கும் இடையில் தொடர்ந்து நிற்கிறது என்று பதிவில் பார்த்த பிறகே நிரப்ப வேண்டும். அந்த லாகர் 30 நாள் பதிவு வைக்கும் சிறு கருவி. 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் போனாலோ, மைனஸ் 0.5-க்குக் கீழே 60 நிமிடம் இருந்தாலோ எச்சரிக்கைக் குறி காட்டும். தண்டு வெப்பமானி பார்க்கும் நிமிடத்தை மட்டும் சொல்லும்; நள்ளிரவில் நடந்ததைச் சொல்லாது. லாகரை உறைவுக்கு அஞ்சும் குப்பிகளின் நடுவில் வையுங்கள், மூடியின் ஓரத்தில் தொங்கவிடாதீர்கள். காலை, மாலை இரண்டு முறை பார்த்து எழுதுவதோடு எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது, குப்பிகளை எங்கே கொண்டுபோவது, யாரைக் கூப்பிடுவது என்ற தாளும் பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். செல்போன் வழியாக எஸ்.எம்.எஸ். அனுப்பும் கண்காணிப்பு நல்லதுதான். ஆனால் புயலில் முதலில் விழுவது டவர், அதனால் கையால் எழுதும் தாளை நிறுத்திவிடாதீர்கள்.

மூடி மேலே திறக்கும் வகையே மேல். குளிர்ந்த காற்று கனமானது, மேல் மூடியைத் திறந்தால் உள்ளேயே தங்கும். முன்கதவைத் திறந்தால் காலடியில் கொட்டிவிடும். ரப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் கசிகிறது. ஈரப்பதம் கூடிய மாதங்களில் உள்ளே தண்ணீர் தேங்கிக் குப்பிகளின் லேபிள் உரிந்துவிடும்; பேட்ச் எண் தெரியாத குப்பியைப் பயன்படுத்த முடியாது. வாரம் ஒரு முறை துடைத்தால் போதும்.

பழுது பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. இன்றைய பெட்டிகளில் இருக்கும் குளிர்பொருள் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். பழைய ஆர்-134ஏ கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரத்து முந்நூறு மடங்குக்குமேல் புவியைச் சூடாக்கும். ஆர்-600ஏ-வில் அந்தப் பாதிப்பு அற்பம். ஆனால் அது எரியும். பழைய கேஸில் பழகிய மெக்கானிக் அதே பழக்கத்தில் குழாயைப் பற்றவைக்கப் போனால் விபத்து. இந்தக் கேஸில் பயிற்சி பெற்றவர்தான் கை வைக்க வேண்டும் என்று பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கட்டுப்பாட்டு எலக்ட்ரானிக் போர்டு, ஃபேன், மூடி ரப்பர், ஃபியூஸ், பேனல் கனெக்டர் ஆகியவற்றை உதிரியாகப் பெட்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். போர்டு ஒன்று கப்பலில் வர மாதக்கணக்காகும். ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க உதவும் கவி (Gavi) அமைப்பு 2016-ல் தொடங்கிய குளிர்சாதன மேம்பாட்டுத் திட்டத்தில் பெட்டியையும் பொருத்துதலையும் பயிற்சியையும் ஒரே கட்டாக வாங்க வேண்டும் என்று விதி வைத்தது சரியான விதி. பொருத்துபவரும் விற்பவரும் வேறு வேறு ஆட்கள் என்றால் பழுதுக்கு இருவரும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள்.

இந்தப் பெட்டி செய்யாத வேலை ஒன்று உண்டு. தடுப்பூசி அதற்குள் இருக்கும்வரைதான் பாதுகாப்பு. முகாமுக்கு எடுத்துப் போகும் கேரியரில் நேரே ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கைப் போட்டால், பெட்டி பாடுபட்டுக் காத்தது வழியில் உறைந்துவிடும். ஐஸ் பேக்கை மேஜையில் வரிசையாகப் பரப்பி வையுங்கள். முதலில் மேலே வெண்பனி படரும், பிறகு அது கரைந்து முத்து முத்தாக வேர்க்கும். எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் கேரியருக்குள். வெப்பமான நாளில் அரை மணியில் வந்துவிடலாம், குளிர் நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், காதை நம்புங்கள். புதிதாக வாங்குபவர்கள் உறைவு தடுக்கும் கேரியரையே வாங்கலாம். 2018 முதல் பி.க்யூ.எஸ். பட்டியலில் இருக்கிறது; நடுவில் ஒரு தடுப்புச் சுவர் உண்டு, பேக்கை அப்படியே போடலாம். எல்லாத் தடுப்பூசிக்கும் ஐஸ் தேவை என்பதும் இல்லை. 40 டிகிரி வரை குறிப்பிட்ட நாட்கள் வெளியே தாங்கும் என்று உரிமம் பெற்றவை உண்டு. 2012-ல் மெனாஃப்ரிவாக் என்ற மூளைக்காய்ச்சல் தடுப்பூசி முதலில் அந்த அனுமதியைப் பெற்றது, நான்கு நாள் வரை. வெள்ளத்தில் படகில் போகும் குழுவுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது ஐஸ் சுமந்தவர்களுக்குத் தெரியும்.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் கையில் இருப்பது பொதுவாக இரண்டு மூன்று நாள். அன்றே பேனலைக் கழுவுங்கள், ஐஸ் முழுதாகக் கட்டட்டும். போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்து ஒவ்வொன்றாக இறுக்குங்கள். அடுத்த ஒரு வாரத்துக்கு வேண்டியதை எழுதிப் பார்த்து, மூடியை நாளுக்கு ஒரு முறைக்கு மேல் திறக்காதபடி குப்பிகளைப் பிரித்து அடுக்குங்கள். பெட்டி ஏற்கெனவே உயரமான மேடையில் இல்லையென்றால் இப்போதாவது செங்கல் அடுக்கி ஏற்றுங்கள். பழைய வெள்ளக் குறி எவ்வளவு உயரம் என்று யார் சொன்னாலும் அதற்கும் மேலே. கம்ப்ரசர் அடியில்தான் இருக்கிறது. அது தண்ணீரில் மூழ்கிவிட்டால், வெயில் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும் பெட்டி இது என்பதை நினைவில் வைத்து, பேனல் சுவிட்சை முதலில் அணைத்துவிட்டுக் குப்பிகளை வெளியே எடுங்கள். டெக்னீஷியன் பிரித்து உலர்த்திச் சோதிக்கும்வரை அந்தச் சுவிட்சை யாரும் தொடாதபடி டேப் ஒட்டி வையுங்கள்.